இரண்டு தட்டு

என் மகன் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறான். ஒருநாள் எல்லாரும் மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். கை தவறிக் கீழே விழுந்த மாத்திரையைத் தேடி நான் குனிந்தேன். மேலே மருமகள் கரண்டியில் ஒட்டியிருந்ததை உதற, பாத்திர விளிம்பில் இரண்டு தட்டு தட்டினாள். மேசைக்கு அடியில் என் மகனுடைய இடது கால், கிளட்சை விடுவதுபோல் மெதுவாக மேலே எழும்பியது. வலது கால் தரையை அழுத்தியது. மேலே அவன் பாட்டுக்கு மனைவியிடம் பேசிக்கொண்டிருந்தான்.

மாத்திரையை எடுக்காமலேயே நிமிர்ந்தேன்.

அந்தத் தட்டு எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். முன்பெல்லாம் பஸ்ஸில் ஒரு அம்மா இருந்தாள். பிள்ளைகளுக்கு அவள் இறக்கிவிடுற அக்கா. ஒவ்வொரு நிறுத்தத்திலும் முதலில் அவள் இறங்குவாள். பிள்ளையைக் கையைப் பிடித்து இறக்கி, வீட்டு ஆள் கையில் கொடுத்துவிட்டு, பஸ்ஸின் முன்னால் ஒரு பார்வை, பின்னால் ஒரு பார்வை பார்ப்பாள். அதன் பிறகு ஏறி, கதவோரத் தகரத்தில் இரண்டு தட்டு தட்டுவாள். அந்தச் சத்தம் கேட்டால்தான் மகன் வண்டியை எடுப்பான். டிரைவர் சீட்டிலிருந்து பஸ்ஸின் மூக்குக்குக் கீழே ஒன்றும் தெரியாது. அங்கே ஒரு கன்றுக்குட்டி படுத்திருந்தாலும் தெரியாது.

வீட்டு ஆள் வரத் தாமதமானால் அக்கா பிள்ளையோடு நிற்பாள். பஸ்ஸும் நிற்கும். கடைசி நிறுத்தத்தில் ஒரு தாய் தன் பிள்ளைக்காகக் காத்திருந்து காத்திருந்து, வேலைக்குத் தினமும் பிந்திப் போய், வேலையே போய்விட்டது. அவள் பள்ளிக்கூடத்தில் வந்து அழுதாள். அவள் அழுததில் தப்பு சொல்ல மாட்டேன். மேனேஜர் யோசித்தார். அக்காவைப் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே கூட்டிப் பெருக்கப் போட்டுவிட்டார். பஸ் நேரத்துக்கு வந்தது. எல்லாருக்கும் சந்தோஷம். நேரம் மிச்சமாகிறதே என்று மேலும் இரண்டு தெருக்களை அதே பஸ்ஸில் சேர்த்தார். மறுபடியும் நேரம் போதவில்லை. இப்போது டிரைவர் இறங்கிப் பார்க்க வேண்டும் என்று நினைத்தாலும் முடியாது.

அக்கா போனாள், அவளுடைய தட்டு மட்டும் பஸ்ஸிலேயே தங்கிவிட்டது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் கடைசியாக இறங்குகிற பிள்ளை தகரத்தில் இரண்டு தட்டு தட்ட வேண்டும் என்று பிள்ளைகளே ஒரு சட்டம் வைத்துக்கொண்டார்கள். யார் தட்டுவது என்று சண்டை வேறு. அக்கா பார்த்துவிட்டுத் தட்டினாள். இதுகள் சும்மா தட்டின. என் மகனுக்கு இரண்டும் ஒரே சத்தம்தான்.

மகனிடம் கேட்டேன். "யாரு தட்டுறாங்கன்னு பாக்கிறியாடா?"

"பாத்துக்கிட்டுதான்பா இருக்கேன். நீங்க ஏன் எதுக்கெடுத்தாலும் சந்தேகப்படுறீங்க?"

நான் சந்தேகப்படுகிற ஆள்தான். பால்காரன் முதல் டாக்டர் வரை யாரையும் நம்பினதில்லை. அதில் எனக்கு நஷ்டம் ஒன்றும் வந்துவிடவில்லை. அடுத்த நாளிலிருந்து மத்தியானம் பஸ் வருகிற நேரத்துக்குக் குடையை எடுத்துக்கொண்டு முனைக்குப் போய் நிற்க ஆரம்பித்தேன். எங்கள் நிறுத்தத்தில் இரண்டு பேர்தான் இறங்குவார்கள். ஒன்று என் பேத்தி, பஸ் ஓட்டுகிறவனுடைய மகள். இன்னொன்று எதிர்வீட்டு பெயின்டருடைய மகன். அவன் கண்ணாடி அவ்வளவு தடிமன், தெருவே அவனைச் சோடா என்றுதான் கூப்பிடும். கூப்பிட்டால் அவனும் திரும்பிப் பார்ப்பான். நல்ல பிள்ளை. தட்டுவதில் அவனுக்கு இருந்த பெருமை கலெக்டருக்குக்கூட இருக்காது.

"பிள்ளைங்களோட அம்மாங்களே வர்றதில்ல. எங்கப்பன் மட்டும் கிழவி மாதிரி வந்து நிக்கிறாரு" என்று மகன் வீட்டில் கேலி செய்தான். மற்ற டிரைவர்கள் சிரிக்கிறார்களாம். சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும் என்றேன்.

பிறகு அந்த மழை நாள் வந்தது.

மழை என்றால் சாய்ந்து அடிக்கிற மழை. தெருவில் கணுக்கால் தண்ணீர். பஸ் வந்து நின்றது. பின்னால் ஒரு கார், நின்ற உடனேயே ஹாரன் அடித்தது. பேத்தி முதலில் குதித்தாள். குதித்த வேகத்தில் அவளுடைய தண்ணீர் பாட்டில் பையிலிருந்து நழுவி, மிதந்துகொண்டே பஸ்ஸின் முன்பக்கம் போனது. அவளும் அதன் பின்னாலேயே போனாள். பம்பருக்கு முன்னால் குனிந்து, கையை உள்ளே விட்டுத் துழாவினாள்.

அடுத்தது சோடா இறங்கினான். அவன் கண்ணாடி முழுக்கத் தண்ணீர். தோழி எங்கே என்று பார்க்கவில்லை, பார்த்தாலும் தெரிந்திருக்காது. திரும்பி, சந்தோஷமாக, தகரத்தில் தட்டினான். தட், தட்.

நான் பஸ்ஸுக்குப் பக்கத்தில்தான் இருந்தேன். கத்தினேன். மழையில் என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. பஸ்ஸின் பக்கவாட்டில் ஓங்கி அடிக்கக் கையைத் தூக்கிவிட்டேன். தூக்கிய கை அப்படியே நின்றது. அடித்தால் அவன் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியும். மேசைக்கு அடியில் பார்த்திருக்கிறேனே.

விரித்த குடையோடு முன்னால் ஓடி, அதை அவன் முகத்துக்கு நேரே கண்ணாடியில் விசிறி எறிந்தேன். பஸ் ஒரு உலுக்கு உலுக்கி நின்றது. பம்பர் என் தொடையில் முட்டிக்கொண்டிருந்தது.

மகன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான். "அப்பா, பைத்தியமா பிடிச்சிருக்கு உங்களுக்கு? ஒதுங்குங்க."

என் காலுக்குப் பக்கத்திலிருந்து பேத்தி எழுந்தாள், தலையெல்லாம் சொட்டச் சொட்ட.

"தாத்தா, பாட்டில் கிடைச்சிருச்சு."

அவன் அவளைப் பார்த்தான். பின்னால் இருந்த கார் விடாமல் ஹாரன் அடித்தது. பஸ்ஸுக்குள் இன்னும் பிள்ளைகள் இருந்தார்கள். நான் பேத்தியைத் தூக்கிக்கொண்டு ஓரமாகப் போனேன். அவன் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். வேறு என்ன செய்வான்.

அன்று வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டியதில்லை. மருமகள் அழவில்லை. "நாளையிலேருந்து அவ பஸ்ஸில ஏற மாட்டா. மாமா, நீங்க நடத்திக் கூட்டிட்டுப் போய், நடத்திக் கூட்டிட்டு வாங்க" என்றாள். சரி என்றேன்.

மகன் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். "பள்ளிக்கூடத்தில சொல்லாதீங்கப்பா. சொன்னா என்னைத்தான் அனுப்புவாங்க. பஸ் ஓடுறது நிக்காது. வேற ஒருத்தன் ஓட்டுவான், அவனுக்கும் இதே தட்டுதான்."

அவன் சொன்னதில் பொய் இல்லை. ஆனாலும் நான் போனேன். மேனேஜர் மரியாதையாக உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, எல்லாவற்றையும் கேட்டார். மறுபடியும் ஆள் போட்டால் நேரம் தவறும், நேரம் தவறினால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும் என்றார். மகனை வேலையை விட்டு அனுப்பவில்லை, அந்த மட்டும் நல்ல மனுஷன். அந்த வாரமே பஸ் கதவில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினார்: இறங்கியதும் தள்ளி நிற்கவும். எங்கள் நிறுத்தத்தில் இறங்குகிற சோடாவுக்கு இன்னும் எழுத்துக் கூட்டத் தெரியாது.

அவன் அப்பனிடமும் போய்ச் சொன்னேன். பெயின்டர் தலையில் வெள்ளைப் புள்ளிகளோடு வாசலில் நின்று சிரித்தான். "உங்க பாப்பா கொஞ்சம் துறுதுறுன்னு இருக்கும் தாத்தா. நம்ம பய தட்டிட்டு நேரா வீட்டுக்கு வந்துருவான். நானும் அவன் அம்மாவும் வேலைக்குப் போறோம், யாரு போய் நிக்கிறது?"

அவனையும் குறை சொல்ல முடியவில்லை. இதில் யாரைத்தான் குறை சொல்வது? ஆளுக்கு ஒரு நியாயம் வைத்திருக்கிறார்கள்.

இப்போது நானும் பேத்தியும் குறுக்குச் சந்து வழியாக நடந்து வருகிறோம். பள்ளிக்கூடம் விட்டதும் கிளம்பினால், நாங்கள் வீட்டை நெருங்குகிற நேரமும் பஸ் முனையில் நிற்கிற நேரமும் ஒன்றாகத்தான் இருக்கிறது. முனையில் ஒருவரும் இருப்பதில்லை. தினமும் நின்றுகொண்டிருந்த ஒரே ஆள் நான்தான். எங்கள் வீட்டுப் பிள்ளை தப்பித்தது, அதனால் நானும் நிற்பதில்லை. சந்திலிருந்து பார்த்தால் நடுவில் ஒரு சுவர். சத்தம் மட்டும்தான் வரும்.

கதவு திறக்கிற சத்தம். சின்னக் கால்கள் குதிக்கிற சத்தம். பிறகு தட், தட்.

பேத்தி என் கையை இழுப்பாள். "ஏன் தாத்தா தினமும் இங்கயே நிக்கிறீங்க?"

என்ஜின் உறுமி, பஸ் போகிற சத்தம் தேய்ந்து, அதற்குப் பிறகு சோடா செருப்பைத் தேய்த்துக்கொண்டு ஓடுகிற சத்தம் கேட்டால்தான் எனக்குக் கால் நகரும். நேற்று கேட்டது. இன்றும் கேட்டது.

நாளைக்கு மழை என்கிறார்கள்.