வேனுக்கு ஒரு நெற்றி

கறுப்புத் தண்ணீர் டேங்கை நெடுக அறுத்து, ஒரு பாதியை வேன் கூரைப்பெட்டிக்கு முன்னால் சரிவாகக் கவிழ்த்து போல்ட் முடுக்கிய அன்றைக்குக் கவுஞ்சி மலைக்கிராமமே கூடி வேடிக்கை பார்த்தது. "என்ன ராமரு, வேனுக்கு நெத்தி வைக்கிறியாக்கும்?" என்று யாரோ கேட்டார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். ராமருக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். வண்டி அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அவர் பேசுவது பெண்டாட்டி அழகம்மாளுக்குக் கேட்கவேண்டும்.

முப்பது வருஷம் பூண்டும் கேரட்டும் ஏற்றி லாரி ஓட்டியவர். தான் பார்த்த ஊரையெல்லாம் பெண்டாட்டிக்குக் காட்டவேண்டும் என்ற ஆசையில், லாரியை விட்டதும் பழைய வேன் ஒன்றை வாங்கி, உள்ளே கட்டிலும் அடுப்பும் வைத்து, சாமான் போடக் கூரைமேல் பெட்டியும் ஏற்றினார். முதல் பயணம் வத்தலக்குண்டு தாண்டவில்லை. நேர்ரோட்டில் வேகமெடுத்ததும் காற்று பெட்டியில் முட்டிப் பேயாய் அலறியது. தொண்டை வறள அவர் கத்தினார். அவள் வெளியே பார்த்தபடியே வந்தாள். வீட்டுக்கு வந்ததும், "காத்துச் சத்தத்துல ஒண்ணுமே கேக்கலைங்க. நீங்க தனியாவே போயிட்டு வாங்க, பழகுனதுதான," என்றாள். அந்தப் 'பழகுனதுதான' அவரைத் தூங்கவிடவில்லை.

அப்புறம் மூன்று மாசம் மனுஷனுக்கு வேறு சோலியே இல்லை. மேலே அரை டேங்க், அடியில் தகரத் தட்டு, ஜன்னல் இடுக்குக்கு ரப்பர். காற்று எங்கே முட்டுகிறது என்று பார்க்க, அழகம்மாள் தன் சிவப்பு ஸ்வெட்டரையே பிரித்து நூலைத் துண்டு துண்டாய் வண்டியெல்லாம் ஒட்டிக் கொடுத்தாள். அவர் ஓட்ட, அவள் ரோட்டோரம் நின்று பார்ப்பாள். "பின் மூலையில ரெண்டு நூலு கெடந்து துள்ளுதுங்க, மத்ததெல்லாம் படுத்திருக்கு" என்பாள். உடனே அந்த மூலைக்கு ஒரு தகரத்தை வளைப்பார்.

கடைசி நூலும் படுத்த மறுநாள் வெள்ளனே கிளம்பினார்கள். மலை இறங்கும்வரை ராமர் வாயே திறக்கவில்லை. வளைவில் பேசக்கூடாது என்பது லாரிப் பழக்கம். தரைக்கு வந்து அறுபதைத் தொட்டார். அடேயப்பா, என்ன அமைதி! பின்னால் தம்ளர்கள் உரசுவதுகூடக் கேட்டது.

"அழகு, இந்தப் புளியமரத்தடியிலதான் ஒருக்கா ஆக்ஸில் ஒடிஞ்சு ரெண்டு நாள் கெடந்தேன். ரெண்டு நாளும் ஒன் நெனப்புதான்," என்றார் மெதுவாக.

அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். உரக்கச் சொன்னார். அப்போதும் திரும்பவில்லை.

வண்டியை ஓரங்கட்டி அவள் தோளைத் தொட்டார். அவர் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"இந்த வலது காது போயி ரெண்டு வருசமாச்சுங்க. இடது காதுக்கும் கிட்ட வந்து பேசுனாத்தான் கேக்கும். வெக்கப்பட்டுக்கிட்டு அன்னைக்குக் காத்து மேல பழியப் போட்டுட்டேன். நீங்க அம்புட்டு ஆசையா தகரத்தத் தட்டிக்கிட்டு இருந்தீங்க, எப்பிடிச் சொல்ல?"

வீட்டில் அவள் எப்போதும் தனக்கு வலப்பக்கமாகவே வந்து உட்கார்ந்தது ராமருக்கு அப்போதுதான் உறைத்தது. பாவி, நூல் துள்ளுவதையெல்லாம் கேட்டுக் கேட்டுச் சரிபண்ணியவன் இதைக் கவனிக்கவில்லையே! அழுகை வந்துவிட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு இறங்கி, வண்டியைச் சுற்றி வந்து, அவள் பக்கத்துக் கதவைத் திறந்தார்.

"எறங்கு. நீ ஓட்டு."

"நானா?"

"நான் லாரியில கெடந்தப்ப பூண்டு மூட்டைய பிக்கப்புல ஏத்திக்கிட்டுக் கொடைக்கானல் போனது யாரு? லைசென்சு இருக்குல்ல?"

அழகம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள். சீட்டை முன்னால் தள்ளினாள், கண்ணாடியைத் திருப்பினாள். இத்தனை வருஷத்தில் அவள் ஓட்டி அவர் பக்கத்தில் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. கையை எங்கே வைப்பதென்றே ராமருக்குத் தெரியவில்லை. நாற்பது, ஐம்பது, அறுபது. ஜன்னலுக்கு வெளியே ஒரு சிவப்பு நூல் அசையாமல் படுத்திருந்தது. அவளுடைய இடது காதுத் தோடு அவர் பக்கமாக மினுங்கியது.

"அப்ப என்னமோ சொன்னீங்கள்ல," என்றாள், ரோட்டிலிருந்து கண்ணெடுக்காமல். "மொதல்லருந்து சொல்லுங்க."