இரண்டு பல் இறக்கம்

பங்காருபாளையம் மாங்காய் மண்டியில் தரணியைப் பற்றி யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: தங்கமான மனுஷன், பெண்டாட்டியைக் கையில் வைத்துத் தாங்குகிறான். இது வெறும் பேச்சுக்குச் சொல்வதில்லை. மாங்காய் ஏற்றிய டெம்போ கவிழ்ந்து கலைவாணிக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு போய் ஆறு வருஷமாகிறது. அன்றிலிருந்து அவளைச் சக்கர நாற்காலியிலிருந்து காருக்கும், காரிலிருந்து நாற்காலிக்கும் அவன்தான் இரண்டு கையாலும் தூக்கி வைக்கிறான். இருபது வருஷம் மண்டியில் மாங்காய்ப் பெட்டிகளைக் கிரேட் கிரேட்டாக ஏற்றி இறக்கிய உடம்பு. அவளைத் தூக்குவதெல்லாம் அவனுக்கு ஒரு பொருட்டே இல்லை.

காரும் அதற்கென்றே வாங்கியதுதான். எண்பத்து நாலாம் வருஷத்து அம்பாசிடர், வெள்ளை நிறம். புதுக் கார்கள் நாலைந்தின் டிக்கியில் நாற்காலியை நுழைத்துப் பார்த்தான். எதிலும் மூடி சாத்தவில்லை. இதில் நாற்காலியைப் போட்ட பிறகும் ஒரு மூட்டை அரிசிக்கு இடம் இருந்தது.

அவளைத் தூக்கும்போது நாலு பேர் நின்று பார்த்தால் தரணிக்கு உள்ளூர ஒரு குளிர்ச்சி. அதைப் பெரிய குற்றமாகச் சொல்லிவிட முடியாது. நல்ல பெயர் யாருக்குத்தான் கசக்கும்?

திருப்பதியில் கலைவாணியின் அக்கா மகள் காவ்யாவுக்குக் கல்யாணம் வந்தது. நடை பழகும் வரை அந்தப் பெண் கலைவாணியின் இடுப்பைவிட்டு இறங்கியதில்லை. அப்படியிருந்தும் பத்திரிகையைக் கையில் வாங்கியதுமே, "நான் வர்ல மாமா, நீ போய்ட்டு வா" என்று தரணியிடம் சொல்லிவிட்டாள் கலைவாணி. தரணி மூன்று நாள் கெஞ்சினான். நாலாம் நாள் காலையில் அவளே வாயைத் திறந்தாள்.

"சரி, வர்றேன். ஆனா வண்டிய எறக்கு."

அவர்கள் வீடு ரோட்டைவிட உயரத்தில் இருக்கிறது. ஷெட்டில் நிற்கும் காரைச் சரிவில் இறக்கித்தான் தெருவுக்குக் கொண்டுவர முடியும். வண்டிய எறக்கு என்று சொன்னால் அந்தத் தெருவில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். புடவை எடுக்கக் கிளம்பிவிட்டாள் என்று நினைத்த தரணி அவசர அவசரமாகச் சட்டையை மாட்டினான். காரைத் தெருவில் இறக்கி, கண்ணாடியைத் துடைத்து, கதவைத் திறந்துவைத்துவிட்டு, கையை விரித்துக்கொண்டு அவள் முன்னால் வந்து நின்றான்.

கலைவாணிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் அழுகையும் வந்துவிட்டது.

"இன்னா கலை? சித்தூருக்குப் போலாம்னுதானே..."

"அந்த எறக்கறது இல்ல மாமா. வண்டியோட முன்பக்கத்து ஒயரத்த எறக்கச் சொன்னேன். சீட்டு இந்தச் சேரு மட்டத்துக்கு வந்துட்டா, நடுவுல ஒரு பலகையப் போட்டு நானே நவுந்து ஒக்காந்துக்குவேன். ஆஸ்பத்திரியில சொல்லிக் குடுத்தாங்க இல்ல?"

"அதுக்குத்தான் நான் கீறேனே. நான் எறக்கி உட மாட்டனா?"

"அதான் வாணாங்கறேன். புத்தூர்ல வளைகாப்புக்குப் போனப்ப நீ என்னத் தூக்கிக்கினு நிக்கற. பொடவ முட்டிக்கு ஏறிக்கீது. ஒருத்தன் போன்ல படம் புடிச்சிக்கினு இருந்தான். எல்லாரும் உன்னப் பாத்து ஆகா ஓகோன்னாங்க. நான் இன்னா மாங்கா கிரேட்டா? என்ன எறக்காத மாமா. வண்டிய எறக்கு, நான் எறங்கிக்கறேன்."

தரணிக்குச் சுருக்கென்றது. ஆறு வருஷம் பார்த்துக்கொண்டதற்கு இதுதானா என்றுதான் முதலில் தோன்றியது. மதியம் சாப்பாட்டில் மனசு ஒட்டவில்லை. சாயங்காலம் வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, சித்தூர் மெக்கானிக் ஹரிபாபுவுக்குப் போன் போட்டான்.

ஹரிபாபு சிரித்துவிட்டான். "எந்துக்கன்னா? முன்னாடி எறக்கறதெல்லாம் காலேஜ் பசங்க ஸ்டைலுக்குப் பண்றது. உனுக்கு இன்னாத்துக்கு?"

தரணி தட்டுத்தடுமாறிக் காரணத்தைச் சொன்னான். அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது. அப்புறம், "அக்காவ சேரோட இட்டுக்கினு வா அன்னா, அளவு எடுக்கணும்" என்றான்.

சித்தூருக்குக் கிளம்பிய அன்றைக்கும் அவளைத் தூக்கித்தான் ஏற்றினான், வேறு வழியில்லை. தன் ஷெட்டில் ஹரிபாபு நாற்காலியையும் கார் சீட்டையும் அளந்து பார்த்தான். கார் சீட்டுதான் மூன்று விரல் உயரமாக இருந்தது. அவன் தரணியிடம் பேசாமல் கலைவாணியிடம்தான் விவரம் சொன்னான். அந்த அம்பாசிடரின் முன்பக்கம் சுருள் ஸ்பிரிங் கிடையாது. பக்கத்துக்கு ஒன்றாக நீளமான இரும்புக் கம்பிதான் முறுக்கிக்கொண்டு பாரத்தைத் தாங்கும். கம்பியின் கடைசியில் பல் பல்லாக வெட்டியிருக்கும். அங்கே கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டினால் முறுக்கு குறையும், வண்டி இறங்கும்.

"ரெண்டு பல் எறக்கலாம் அக்கா. மிச்சத்துக்கு சீட்டுல பஞ்ச கொறச்சிரலாம். ஆனா ஸ்பீடு பிரேக்கர்ல அடி தட்டும்."

"தட்டட்டும்" என்றாள் கலைவாணி.

துரு ஏறிய கம்பியைக் கழற்றவே மதியம் தாண்டிவிட்டது. இரண்டு பக்கமும் ஒரே அளவில் நிற்கிறதா என்று தரணியை ஓட்டுநர் சீட்டில் உட்காரவைத்து மறுபடி மறுபடி அளந்தான் ஹரிபாபு. சக்கரத்தை நேர் பார்த்து, ஹெட்லைட்டைத் திருத்தி, சாயங்காலம் வண்டியை விட்டான். மூக்கைக் கீழே குத்திக்கொண்டு நின்ற காரைப் பார்க்க, தரை மோப்பம் பிடிக்கிற நாய் போலிருந்தது. தரணிக்கு அழகாகத் தோன்றவில்லை. ஆனாலும் ஹரிபாபுவிடம் காசை எண்ணிக் கொடுத்தான்.

அடுத்த பத்து நாளும் வாசலில் பயிற்சி நடந்தது. இழைத்து வழவழப்பாக்கிய பலகையை நாற்காலிக்கும் சீட்டுக்கும் நடுவே போட்டு, கையை ஊன்றி ஊன்றி நகர்வாள். முதல் நாள் கால் மணி நேரம் பிடித்தது. மூன்றாம் நாள் கீழே விழுந்தாள். தரணி பத்தடி தள்ளித்தான் நிற்க வேண்டும் என்பது அவள் போட்ட சட்டம். சும்மா நிற்பது இவ்வளவு கஷ்டமான வேலை என்று அவனுக்கு அதுவரை தெரியாது.

கல்யாணத்தன்று சந்திரகிரி தாண்டி ஒரு வேகத்தடையில் கார் வயிறு தரையைத் தேய்த்தது. தரணி பல்லைக் கடித்தான். கலைவாணி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மண்டப வாசலில் கார் நின்றதும் உறவுக்காரர்கள் வழக்கம்போல விலகி இடம்விட்டார்கள். தரணி டிக்கியிலிருந்து நாற்காலியை எடுத்து விரித்தான். கதவோரம் நிறுத்தி பிரேக் போட்டான். பிறகு திரும்பி நடந்து, வாசலில் கட்டியிருந்த வாழை மரத்தடியில் போய் நின்றுகொண்டான். கூட்டத்துக்கு ஒன்றும் புரியவில்லை.

கலைவாணி பலகையைப் போட்டு நகர ஆரம்பித்தாள். பாதி தூரத்தில் பட்டுப்புடவை கதவுக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் போக முடியவில்லை. நாதஸ்வரம் வேறு அந்த நேரம் பார்த்து ஓய்ந்திருந்தது.

தரணியின் கை தானாக எழுந்தது. ஓர் அடியும் வைத்துவிட்டான். அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை அசைத்தாள். அதற்குள் இரண்டு ஆண்கள் உதவிக்கு ஓடிவந்தார்கள். தரணி குறுக்கே போய் அவர்களை மறித்தான்.

"யாரும் கிட்ட போவாதீங்க. அவ பாத்துக்குவா."

"அடப்பாவி மாப்ளே!" என்று கத்தினாள் ரத்தினம்மா, கலைவாணியின் பெரியம்மா. "பொண்ணு தவிச்சிக்கினு கீறா, கல்லாட்டம் நிக்கறியே! நீயும் ஒரு மனுஷனா?"

இப்படியொரு சொல்லை தரணி தன் ஆயுளில் யாரிடமும் வாங்கியதில்லை. காது மடல் சுட்டது. இரண்டு கையையும் விரித்து மறித்தபடியே நின்றான். கலைவாணி புடவையை விடுவித்துக்கொண்டு, மூச்சைப் பிடித்து இரண்டு தள்ளு தள்ளி நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். மடிப்பைச் சரிசெய்தாள். தானே சக்கரத்தை உருட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

தாலி கட்டி முடிந்து பந்தி தொடங்கியது. தரணி சாம்பார் வாளியைத் தூக்கினான். பந்தியில் பாதிப் பேர் அவன் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. ரத்தினம்மா கலைவாணிக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தாள். மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு நாலு இலைக்குக் கேட்கிற மாதிரி விசாரித்தாள்.

"மறைக்காம சொல்லுடி. உன் புருஷனுக்கு உன் மேல ஆச உட்டுப்போச்சா?"

முதுகுப்பக்கம் தரணி வாளியோடு நிற்பது கலைவாணிக்குத் தெரியாது. சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்.

"இல்ல பெரிம்மா. இத்தினி வருஷமா பாவம் பாத்துக்கினு இருந்தாரு. இப்பதான் ஆச வந்துக்கீது."

தரணி வாளியை அங்கேயே வைத்துவிட்டு மண்டபத்துக்குப் பின்னால் போனான். பாத்திரம் கழுவும் இடத்தில் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் முகம் கழுவினான். அழுதாயா என்று கேட்டால் ஒத்துக்கொள்ளமாட்டான். உள்ளே யாரோ சாம்பார், சாம்பார் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.