சுண்டுவிரல்

கடலில் கரைத்துவிட்ட மனிதரை இப்படி அடுத்தவர் வாய்க்குள் தேடுவார்கள் என்று யார் கண்டது. சீதாலெட்சுமி மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் மகன் முகுந்தன் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருப்பான். அடுத்து அவள்.

பிரிக்ஃபீல்ட்சில், மருந்துக்கடைக்கு மேலே இருந்த பரிசோதனைக்கூடம் அது. கணவர் தம்புசாமியின் கருமாதி முடிந்த மறுவாரமே, பந்திங்கிலிருந்து அமுதவள்ளி என்றொரு பெண் கிள்ளான் வீட்டு வாசலில் வந்து நின்று, தானும் அவர் மகள்தான் என்றாள். வீடு 'என் பிள்ளைகளுக்குச் சமமாக' என்று அவர் உயிலில் இருந்தது. யார் பெயரும் இல்லை. எரித்த உடம்பில் எடுக்க ஒன்றுமில்லை, பிள்ளைகளின் எச்சிலை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள் என்றாள் வக்கீல் ரோகிணி. அம்மாவும் கொடுத்தால் இன்னும் துல்லியம். முகுந்தனிடம் அம்மாவின் பங்கைக் கழித்துவிட்டால் மிச்சம் அப்பாவுடையது.

அம்மாவின் பங்கு. தொப்புள்கொடி காயாத முகுந்தனை அவளும் கணவரும் மேருவில் ஒரு வீட்டின் பின்கட்டில் துண்டோடு வாங்கி, தாங்கள் பெற்றதாகவே பதிந்தார்கள். வீட்டில் தெரிந்தவர் இரண்டே பேர். ஒருவர் கடலில் இருக்கிறார். அந்தப் பிள்ளைதான் அழுதழுது அவர் வாயில் அரிசி போட்டான்.

எதிர் நாற்காலியில் அமுதவள்ளி தண்ணீர் போத்தலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். சுண்டுவிரல் உள்பக்கமாக வளைந்திருந்தது. பெண் பார்க்க வந்த அன்று தேநீர்க் கோப்பையைப் பிடித்த தம்புசாமியின் கையில் சீதாலெட்சுமி முதலில் பார்த்தது அந்த விரலைத்தான். அவளுக்கு எந்தப் பரிசோதனையும் வேண்டியிருக்கவில்லை. முகுந்தனுடைய எச்சில் மட்டும் போனால், ஒத்துப்போகாமல் இந்தப் பெண் பொய்க்காரி ஆவாள். தன்னுடையதும் போனால் முகுந்தன் யாருமில்லாதவன் ஆவான். காரில் வரும்போது வழியெல்லாம் இதையே நினைத்துக்கொண்டு வந்தாள்.

முகுந்தன் கன்னத்தைத் தடவிக்கொண்டே வெளியே வந்தான்.

"அவ்வளவுதாம்மா. பஞ்சால ஒரு தேய், முடிஞ்சிச்சு லா." எதிரே பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "ரிசல்ட் வரட்டும். அப்புறம் இவ அப்பான்னு சொல்லட்டும், பாக்கறேன்."

கதவருகே தாதி புனிதா நின்றாள். "வாங்க ஆன்டி. ஒண்ணும் சாப்பிடல இல்ல?"

சீதாலெட்சுமி இனிப்புநீர் நோயில் சர்க்கரை இறங்கினால் தின்பதற்கென்று எப்போதும் பையில் வைத்திருக்கும் பிஸ்கட்டை எடுத்தாள். நிதானமாகப் பிரித்து ஒன்றை வாயில் போட்டாள்.

"அம்மா, சாப்பிடக் கூடாதுன்னு படிச்சுப் படிச்சு சொன்னாங்க இல்ல?"

பரவாயில்லை, கொஞ்ச நேரம் கழித்து வாய் கொப்பளித்துவிட்டு எடுக்கலாம் என்றாள் புனிதா. முகுந்தன் தலையாட்டினான். சீதாலெட்சுமி அடுத்த பிஸ்கட்டை எடுத்தாள்.

"நான் குடுக்கல, தம்பி."

"ஏம்மா? நம்ம வீட்டுக்குத்தானே கேக்கறேன்?"

அவள் கையிலிருந்த பிஸ்கட்டையும் வாயில் போட்டுக்கொண்டாள். காய்ந்த மாவு நாக்கில் ஒட்டிக்கொண்டு உள்ளே இறங்க மறுத்தது. நெஞ்சை அடைத்தது. இருமினாள், கண்ணில் நீர் முட்டியது. முகுந்தன் முதுகைத் தட்ட ஓடி வந்தான்.

அதற்குள் அமுதவள்ளி எழுந்து வந்து போத்தலின் மூடியைத் திருகித் திறந்தாள்.

"தண்ணி குடிங்கம்மா."

சீதாலெட்சுமி உதடுகளை இறுக்கி மூடிக்கொண்டாள். முகத்துக்கு நேரே நீண்டிருந்தது போத்தல். அதைச் சுற்றி வளைந்திருந்தது அந்தச் சுண்டுவிரல்.