மணிக்கொரு தடவை கலக்கச் சொன்ன நீலத்தொட்டி

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் முதுகில் ஆரம்பித்தது. ஓவியக்கூடத்தின் மூன்றாவது மாடிக்கு அந்த நீலத்தொட்டியை ஏற்றிய நாலு பேரில் நானும் ஒருவன். முதுகுவலி நிஜம். மற்றதெல்லாம் நான் கட்டியது.

2

(முதலில் இப்படி எழுதினேன்: ‘நீலம் என்பது வானத்தின்—’ வேண்டாம். வானத்தை யாரும் மாடிப்படியில் தூக்கவில்லை.)

சாயக்காரர் தொட்டியிலிருந்த தன் அவுரி ஊறலை, அதாவது அவுரி இலையைப் புளிக்கவைத்த நீலச்சாயத்தை, ஒன்பது வருஷமாகச் சாகாமல் காப்பாற்றி வந்தவர். காலையில் கொஞ்சம் சுண்ணாம்பும் வெல்லமும். நுரை எழாமல் ஒரே ஒரு கலக்கல். அவ்வளவுதான். அளவுக்கு மீறிக் காற்றுப் பட்டால் ஊறல் செத்துவிடும், துணியில் நிறம் ஏறாது. ஓவியக்கூடத்தார் அதைத் தொட்டியோடு கண்காட்சிக்குத் தொண்ணூறு நாள் கேட்டார்கள், கொடுத்தார். ‘உயிருள்ள நீலம்’ என்று பலகை வைத்தார்கள். பக்கத்திலேயே இன்னொரு பலகை: ‘தொடாதீர்கள்’.

3

மறுநாள் காலை கலக்க வந்தவரைத் தொட்டியருகே மறித்த காவலாளி வேறு யாருமில்லை, சாயக்காரரின் மச்சினன்தான்.

“தொடக்கூடாதுன்னு போட்டிருக்கு மாமா.”

“என் தொட்டிடா அது!”

“முந்தாநாள் வரைக்கும். இப்ப அது கலை.”

“கலைக்குப் பசிக்காதா?”

“பசிச்சா மனு எழுதிக் கொடுக்கச் சொல்லுங்க.”

மச்சினன் கொட்டாவி விட்ட நேரம் பார்த்து, சாயக்காரர் கயிற்றைத் தாண்டிக் கழியை உள்ளே விட்டார். பின்னால் கைதட்டல்! முப்பது பேர் நின்றிருந்தார்கள். ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டார். (வாடை அப்படி.)

கண்காட்சிப் பொறுப்பாளர் அம்மா ஓடிவந்தார். “பிரமாதம்! இனிமே மணிக்கொரு தடவை கலக்குங்க. நுரை பொங்கணும்.”

“நாலு நாள்ல செத்துரும்மா.”

“சாகட்டுமே, அதையும் பாக்க வருவாங்க.”

“அப்ப நான் எடுத்துட்டுப் போயிடறேன்.”

“தொண்ணூறு நாளுக்குக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. நீங்க கலக்கலேன்னா உங்க மச்சினன் கலக்குவார்.”

“எனக்கென்ன மாமா, வாளியை விட்டே கலக்குவேன்” என்றான் மச்சினன்.

4

முடிவு ஒன்று: தொட்டியைத் திருட்டுத்தனமாக இறக்கிவிடுகிறார். (நாலு பேர் வேண்டும். என்னைக் கூப்பிடாதீர்கள்.)

முடிவு இரண்டு: கலக்குவதுபோல் நடிக்கிறார். எழுதிப் பார்த்தேன். மனிதருக்கு நடிக்க வரவில்லை, சிரித்துவிடுகிறார்.

முடிவு மூன்று: மணி பதினொன்று. முப்பது செல்போன்கள் உயர்கின்றன. கழி ஊறலுக்கு ஒரு சாண் மேலே நிற்கிறது. அதை இறக்கினால் ஊறல் சாகும். கீழே போட்டால் மச்சினன் எடுத்துக்கொள்வான். சாயக்காரர் கழியை மெல்ல—

நான் நிறுத்திக்கொண்டேன். எழுதாதவரை கழி இறங்காது. அடுத்த வரி உங்களுடையது. அவசரமே இல்லை; இன்னும் எண்பத்தொன்பது நாள் இருக்கிறது.