ரூபாய் விழுந்த மாதத்தில் ஒரு மஹர்

"ரூபாயில எழுத ஒத்துக்க மாட்டேன்னா மாட்டேன்!"

"ரூபாயில எழுதாம பின்ன எதுல எழுதறதாம்? மல்லாக்கொட்டையிலயா?"

"எழுதுங்களேன். நாலு மாசம் கழிச்சும் மல்லாக்கொட்டை மல்லாக்கொட்டையாத்தான் இருக்கும். உங்க ரூபா இருக்குமா?"

பக்ருதீனின் குரல் செஞ்சிப் பள்ளிவாசல் தெருவின் மறுகோடி வரைக்கும் போயிருக்கும். பரிசம் பேச வந்தவர்கள் நடுவே சர்க்கரைத் தட்டு சீந்துவாரில்லாமல் இருந்தது. உள்ளறைத் திரைக்குப் பின்னால் நின்ற அவர் மனைவி ஹபீபுன்னிசாவுக்கு அந்தத் தட்டின் மேல்தான் கண். சாயங்காலத்துக்குள் தெருவெல்லாம் கொடுத்துவிட வேண்டிய சர்க்கரை அது. அண்டா இரவல் கேட்க வந்த அடுத்த வீட்டு ஷரீஃபுன்னிசா, அண்டாவை மறந்துவிட்டுத் திரையின் இன்னொரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஹபீபுன்னிசாவின் மகள் ரஹமத்தைப் பெண் கேட்டு வந்தவர் வல்லத்து உமர் பாரூக். மாப்பிள்ளை அவர் மகன் சர்தார், திண்டிவனம் போகும் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். எல்லாம் பேசி முடிந்து, மாப்பிள்ளை பெண்ணுக்குத் தர வேண்டிய மஹர் ஒன்றுதான் பாக்கி. அதுவும் அன்றே கைக்கு வருவதில்லை, பிற்பாடு தருவதாக எழுதிக்கொள்வதுதான் வழக்கம். ஐந்நூற்று ஒரு ரூபாய் என்று போன மாதமே எழுதியிருப்பார்கள். சஃபர் மாதத்தில் நல்ல காரியம் பேசக்கூடாது, கழியட்டும் என்றார்கள் பெரியவர்கள். கழிவதற்குள் டில்லியில் ரூபாயின் மதிப்பைக் குறைத்துவிட்டார்கள். நூற்றுக்கு முப்பத்தாறு போச்சு என்று டீக்கடை ரேடியோ சொன்ன அன்றிலிருந்து பக்ருதீன் சரியாகச் சாப்பிடவில்லை.

அவர் மல்லாக்கொட்டை என்கிற வேர்க்கடலைக்குத் தரகர். பேப்பரை முதல் எழுத்திலிருந்து அச்சகத்தின் பேர் வரைக்கும் படிப்பவர். வாலிபத்தில் பினாங்கில் இருந்தவர் என்பதால், உலக விஷயம் எதுவானாலும் தெருவில் அவரைத்தான் கேட்பார்கள். கேட்காவிட்டாலும் சொல்வார்.

"அமெரிக்காக்காரன் கப்பல்ல கோதுமை வந்தாத்தான் இங்க ரேஷன் கடை கதவு தொறக்குது. ரூபா செத்துதுன்னா கப்பலைத் திருப்பிக்குவான். நம்மகிட்ட வாங்கப் பணமில்லன்னா கொழும்புக்காரன் யாருக்கு விப்பான்? பினாங்குக்காரன் யாருக்கு விப்பான்? ஒருத்தன் கவுந்தா எல்லாரும் கவுருவான்."

"உலகம் கவுரட்டும் பாய்," என்றார் உமர் பாரூக். "எம் மவன் கவுர மாட்டான்."

"அப்ப பவுனா எழுதுங்க."

"பதினாலு கேரட்டுக்கு மேல நகை செய்யக்கூடாதுன்னு சர்க்கார் சட்டம் போட்டு மூணு வருசமாவுது. அந்தப் பித்தளையையா கேக்கறீங்க?"

"சரி, நெலமா எழுதுங்க. வல்லத்துல அரை ஏக்கரா."

உமர் பாரூக்கின் முகம் சுருங்கிவிட்டது. துண்டை உதறித் தோளில் போட்டார், செருப்பைத் தேடினார், போய்விட்டார். கூட வந்தவர்களும் எழுந்தார்கள். பள்ளிவாசல் ஹஜ்ரத் சற்று நேரம் கூரையைப் பார்த்துவிட்டு, அசர் தொழுகைக்கு நேரமாச்சு என்று கிளம்பினார். நேரம் ஆகவில்லை.

ஷரீஃபுன்னிசா அண்டா இல்லாமலே வீட்டுக்குப் போனாள். போகிற வழியில் ஏழெட்டு வீட்டில் நின்று, இது ரஹமத்துக்குத் தட்டிப்போன இரண்டாவது சம்பந்தம் என்பதையும் பொறுப்பாக ஞாபகப்படுத்திவிட்டுப் போனாள்.

ஹபீபுன்னிசா அன்று புருஷனைச் சும்மா விடவில்லை. "இன்னாங்க, டில்லிக்காரன் செஞ்சதுக்கு எம் பொண்ணு வூட்டோட கெடக்கணுமா? பத்தொம்பது வயசாவுது அவளுக்கு. ரூபா போனா மறுபடி வரும். வயசு வருமா?"

பக்ருதீன் எழுந்து போய் அலமாரி மேலிருந்த தகர டப்பாவை எடுத்து வந்தார். அதில் இருப்பது என்ன என்று தெருவுக்கே தெரியும். பினாங்கில் ஜப்பான்காரன் இருந்தபோது அடித்த வாழைமரப் படம் போட்ட நோட்டு. மழை பெய்தால் பிள்ளைகள் வந்து வாங்கிப்போய்க் கடை வைத்து விளையாடும்.

"இது யாரு பணம்னு தெரியுமா?" என்றார்.

"நீங்க சம்பாரிச்சதுன்னு…"

"எங்க மைமூன் அக்காவோட மஹர். மச்சானை ஜப்பான்காரனுங்க சயாம்ல ரயில் போட இட்டுக்கினு போயிட்டானுங்க, திரும்பி வரல. மச்சானோட அண்ணன் ஒருநா வந்து இதை எண்ணி வெச்சான். மஹர் தீந்துபோச்சு, வூட்டைக் காலி பண்ணுன்னான். ஜப்பான்காரன் தோக்கப்போறான்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்குது. எங்களுக்குத் தெரியல. ரெண்டு வாரம் கழிச்சு இந்தக் கட்டு மொத்தத்தையும் நீட்டினேன், ஒரு படி அரிசி குடுக்கல. அக்கா மரவள்ளி தின்னே கால் வீங்கிச் செத்தா."

இருபது வருடம் கூடக் குடித்தனம் நடத்தியவர், அக்கா காய்ச்சலில் போனாள் என்றுதான் அவளிடம் சொல்லியிருந்தார். பக்கத்தில் சர்க்கரைத் தட்டைக் கழுவிக்கொண்டிருந்த ரஹமத், கழுவிய தட்டையே மறுபடி கழுவினாள்.

"அம்மா," என்றாள் கடைசியில், "அத்தா எனக்காகத்தான் பயப்படறாரு. அவரை ஒண்ணும் சொல்லாத."

மறுநாள் காலை ஹபீபுன்னிசா டப்பாவை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு வல்லத்துக்கு பஸ் ஏறினாள். அவள் நேரம், அது சர்தாரின் பஸ். அவன் மூன்று முறை பக்கத்தில் வந்தான், மூன்று முறையும் விசிலை ஊதிக்கொண்டே போய்விட்டான்.

"டிக்கெட் குடு தம்பி," என்றாள் ஹபீபுன்னிசா. "நீ இன்னும் மாப்பிள்ளை ஆகல."

உமர் பாரூக் களத்தில் எருமூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தார். வந்தது யார் என்று பார்த்ததும் எண்ணிக்கை தவறிவிட்டது. அவள் உட்காரவில்லை. டப்பாவைத் திறந்து நோட்டுக் கட்டை மூட்டை மேல் வைத்தாள். மைமூனின் கதையைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள்.

"அவரு உங்க மவனை நம்பலன்னு நெனச்சுடாதீங்க அண்ணே. காயிதத்தைத்தான் நம்பல."

அவர் ஒரு நோட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு கட்டின் மேலேயே அடுக்கி வைத்தார், கோணாமல்.

"தங்கச்சி, நானும் ஒண்ணு சொல்றேன், வெளியே போவக்கூடாது. இந்த நெலம் எங்க மூணு பேர் பேர்ல பொதுவா இருக்குது. அரை ஏக்கரா எழுதித் தரேன்னு நான் வாயைத் தொறந்தா, தம்பிங்க ரெண்டு பேரும் அன்னிக்கே பாகம் பிரின்னு நிப்பானுங்க. பிரிச்சா கிணறு யாருக்குன்னு வெட்டுக்குத்து வரும். நாலு பேர் எதிர்ல இதை எப்படிச் சொல்றது? அதான் எழுந்து வந்துட்டேன்."

வெளியே போகக்கூடாது என்று அவர் சொன்ன விஷயம் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குள் செஞ்சிக்கு வந்துவிட்டது. ஹபீபுன்னிசா சொல்லவில்லை. அவர் தம்பிகளே சந்தைக்கு வந்து சொன்னார்கள்.

அன்று களத்தில் ஹபீபுன்னிசா நோட்டுக் கட்டை எடுத்து டப்பாவில் வைத்து மூடினாள். பிறகு உமர் பாரூக் ரோட்டோரத்தைக் கை காட்டினார். இரண்டு புளியமரம், நல்ல காய்ப்பு மரம். "அது ரெண்டும் எங்க அம்மா எனக்குன்னு தனியா வுட்டுட்டுப் போனது. நெலம் யாருதா இருந்தாலும் மரம் என்னுது. வருசா வருசம் குத்தகைக்கு வுடறேன். அதை எழுதினா பாய் ஒத்துப்பாரா?"

பக்ருதீன் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. வல்லத்துக்குப் போய் மரத்தைச் சுற்றி வந்தார், பட்டையைச் சுரண்டிப் பார்த்தார், போன வருடம் எடுத்த குத்தகைக்காரனைத் தேடிப்பிடித்து விசாரித்தார். மரம் மஹருக்குச் செல்லுமா என்று ஹஜ்ரத்தைக் கேட்டார். செல்லும் என்று அவர் சொன்னதை இன்னொரு ஹஜ்ரத்திடம் போய்க் கேட்டார். அப்புறம்தான் ஹபீபுன்னிசா மறுபடி சர்க்கரை வாங்கினாள். சர்க்கரை விலையும் அதற்குள் ஏறியிருந்தது.

நிக்காஹ் அன்று, மஹரைச் சொல்லிச் சம்மதம் கேட்க சாட்சிகள் வந்தபோது, ரஹமத் முக்காட்டுக்குள்ளிருந்து கேட்டாள்: "ரெண்டு மரமும்தானே?" பெண்கள் பக்கம் அடங்காத சிரிப்பு. பக்ருதீன் மட்டும் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு துண்டால் கண்ணை ஒற்றினார்.

ரூபாய் சாகவில்லை. நொண்டிக்கொண்டு நடந்தது, எல்லாரும் அதோடு நடந்தார்கள். தெரு பக்ருதீனைப் பார்த்தால், "இன்னா பாய், உலகம் இன்னும் நிக்குதே?" என்று கேட்டது. அடுத்த வருடக் கடைசியில் இங்கிலாந்துக்காரனின் பவுண்டு விழுந்தபோது, நான் அன்னிக்கே சொன்னேன் என்று நாலு நாள் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். அதற்கு மறு கோடையில் அவர் மௌத்தாகிப் போய்ச் சேர்ந்தார்.

உமர் பாரூக்கின் நிலம் கடைசியில் மூன்றாகப் பிரிந்து, இரண்டு பங்கு கை மாறியது. மரம் நின்றது. ரஹமத்தும் சர்தாரும் பாண்டிச்சேரிக்குக் குடிபோனார்கள். வருடா வருடம் புளி எடுக்கும் நாளில் ரஹமத் மட்டும் பஸ் ஏறி வருவாள். ஷரீஃபுன்னிசா தன் மகளை வந்தவாசியில் கட்டிக்கொடுத்தாள். பெண் கேட்டு வந்தவர்களிடம் அவள் கேட்ட முதல் கேள்வி, "மரம் கிரம் இருக்குதா?" என்பதுதான்.

ஹபீபுன்னிசாவும் மகளோடு பாண்டிச்சேரிக்குக் கிளம்பினாள். தெருப் பிள்ளைகள் பஸ் வரைக்கும் கூட வந்து, கடை வைத்து விளையாட அந்த நோட்டைக் கேட்டார்கள். அவர்கள் கேட்டு அவள் இல்லை என்றது அது ஒருமுறைதான். சாமான் மூட்டையெல்லாம் பஸ்ஸின் கூரைக்குப் போயிற்று. தகர டப்பா மட்டும் அவள் மடியில் போயிற்று.