மூன்று கமா ஒன்பது

சைரன் அடித்தது. நெய்லாவின் மேசைக் கணினியில் அது வெறும் ஒரு வரிதான்: எச்சரிக்கை ஒலிக்கிறது. அந்த வரியைப் பார்த்ததும் அவள் நாற்காலியில் சாய்ந்துகொண்டாள்.

"அடிக்குது, வக்கீலய்யா. புரோகிராம்ல ஒரு குத்தமும் இல்ல. உங்க ஆள்தான் சுவிட்ச அணைச்சிருக்கான். போய்ச் சொல்லுங்க."

வில்மார் உட்கார்ந்தபடியே இருந்தான். அரசு கொடுத்த வக்கீல். மெதெஜின் நகரத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவன். காலணியில் எப்போதும் மலைச்சேறு.

போன வருடம் ஒரு ஞாயிறு மத்தியானம், ஊர் சாப்பிட உட்கார்ந்திருந்த நேரத்தில், ஆறு உயர்ந்து வந்தது. மேலே பாறையில் பதித்திருந்த அளவுகோல் நீர்மட்டத்தை நகராட்சிக் கணினிக்கு அனுப்பிக்கொண்டுதான் இருந்தது. மூன்றரை மீட்டரைத் தாண்டினால் சைரன் தானாக அடிக்க வேண்டும். அடிக்கவில்லை. ஆற்றங்கரைத் தெரு முழுவதும் போயிற்று. வீட்டில் தனியாக இருந்த நெய்லாவின் மகள் லுஸ் தாரியும் போனாள். நெய்லா அப்போது ரொட்டிக் கடை வரிசையில் நின்றிருந்தாள். சைரன் கேட்டிருந்தால் ஓடியிருப்பாள். ஓடினால் போய்ச் சேரக்கூடிய தூரம்தான்.

சைரனுக்குக் காவல் அர்னோபியோ. பூசை நேரத்தில் சைரன் அலறினால் பாதிரியார் திட்டுவார் என்று முன்பு சில தடவை சுவிட்சை அணைத்து வைத்திருக்கிறான். ஊருக்கு அது தெரியும். அன்று காலை, குழந்தைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் முதல் நன்மைப் பூசை. அவன்தான் என்று சொல்ல அதற்கு மேல் யாருக்கும் ஒன்றும் தேவைப்படவில்லை. சுவிட்ச் இருந்த பெட்டியை ஆறு கொண்டுபோய்விட்டது. நகராட்சி அழைத்து வந்த நிபுணர்கள் புரோகிராமை ஓட்டிப் பார்த்து, சைரன் அடிக்கிறது என்று எழுதிக் கொடுத்தார்கள். அர்னோபியோ சிறைக்குப் போனான்.

"அவர் முதல்ல இல்லன்னாரு," என்றான் வில்மார். "அப்புறம் தெரியலன்னாரு. இப்ப அடுத்த விசாரணையில ஒத்துக்கறேங்கறாரு. ஒத்துக்கிட்டா முடிஞ்சுது. செத்துத்தான் வெளிய வருவாரு."

"வரட்டும்."

"டீச்சர், உங்ககிட்ட ஏன் வந்தேன் தெரியுமா? ஊர்ல கம்ப்யூட்டர் தெரிஞ்சது நீங்க ஒருத்தர்தான். அது ஒண்ணு. அடிக்கலன்னு நீங்க சொன்னா யாரும் வாயத் தொறக்க முடியாது. அது ரெண்டு."

"அடிக்குதுன்னு சொன்னேனே."

"சேத்துலேருந்து எடுத்த நகராட்சி கம்ப்யூட்டர்ல இருந்தது, புரோகிராம் எழுதின மொழியோட ஏழாம் பதிப்புன்னு அறிக்கையில இருக்கு. உங்ககிட்ட இருக்கறது?"

"எட்டு. அவங்களும் எட்டுலதான் ஓட்டினாங்க."

"ஏழும் எட்டும் ஒண்ணா?"

வாசலில் யாருடைய பைக்கையோ கழற்றிப் போட்டிருந்த ஓபர், அவள் கணவன், தலையைத் தூக்காமல் சொன்னான்: "பழைய பைக்குக்குப் புது கார்புரேட்டர் போட்டாலும் ஓடும் வக்கீலே. ஓட்டத் தெரியாதவன்தான் வண்டியக் கொற சொல்லுவான்."

"ஏழுலயும் ஓட்டிக் காட்டறேன்," என்றாள் நெய்லா. "அதுலயும் அடிக்கும். அப்புறம் இந்த வாசல்படி மிதிக்கக் கூடாது."

ஏழாம் பதிப்பை உலகம் கைவிட்டு நாளாகியிருந்தது. பள்ளி விட்டு வந்து சாயங்காலங்களில் தேடினாள். இறக்க வேண்டிய முகவரிகள் பாதி செத்திருந்தன. மூல நிரலை எடுத்து வந்து தானே கட்ட முயன்றாள். அவள் கணினியில் இருந்தவை எல்லாம் புதியவை. பழையதைப் பார்த்ததும் அவை பிழை பிழையாகக் கொட்டின. கடைசியில் கணினிக்குள்ளேயே சுவர் வைத்துத் தனி அறை ஒன்றை எழுப்பினாள். அதற்குள் எல்லாம் அந்தக் காலத்தவை: அந்தக் காலத்து நூலகங்கள், அந்தக் காலத்துத் தொகுப்பி. ஒன்றை இறக்கினால் அது இன்னொன்றைக் கேட்டது. கேட்டதையெல்லாம் கொடுத்தாள். ஒருநாள் பிழை இல்லாமல் கட்டி முடிந்தது.

வில்மார் கொண்டுவந்திருந்த அந்த ஞாயிறின் நீர்மட்டங்களை உள்ளே விட்டாள். சைரன் அடித்தது.

"நான் சொன்னேன்ல?" என்றான் ஓபர். எழுந்து வந்து அவள் தோளில் கை வைத்தான். கையில் கிரீஸ். லுஸ் தாரி போன பிறகு அவன் அவளைத் தொட்டது அன்றுதான். "எழுதிக் குடு. அந்த நாய் உள்ளயே அழுகட்டும்."

எழுதுவதற்காக இரண்டு பதிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்தாள். ஒன்று நகராட்சிக் கணினி அன்று எழுதி வைத்தது. மற்றது இவளுடையது. கடைசி வரிக்கு வந்தாள். இவளுடையதில் 3.9. நகராட்சியுடையதில் 3,9.

கடைச் சீட்டிலிருந்து பள்ளிக் கரும்பலகை வரை ஊரில் எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்கள், நடுவில் கமா போட்டு. அவளும் பிள்ளைகளுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறாள். புரோகிராமின் முதல் வரி கணினியிடம் அதையே கேட்கிறது: எண்களைக் கொலம்பிய வழக்கப்படி எழுது. அவள் எழுப்பிய அறையில் அந்த வழக்கம் நிறுவப்படவில்லை. கேட்டது கிடைக்காவிட்டால் அந்த மொழி புகார் சொல்லாது. பேசாமல் புள்ளியை வைத்துக்கொண்டு போய்விடும்.

அவள் எழுப்பிய அறையும் நகராட்சிக் கணினியும் ஒன்றல்ல.

வில்மாருக்கு அது தெரியாது. யாருக்கும் தெரியாது. ஓபர் பைக்கிடம் திரும்பிப் போயிருந்தான். சீட்டியடித்துக்கொண்டிருந்தான். அவள் போய்க் காப்பி போட்டாள். குடிக்காமல் கொட்டினாள். வந்து உட்கார்ந்து அந்த வழக்கத்தை நிறுவினாள். ஒரே ஒரு கட்டளை.

மறுபடி ஓட்டினாள். 2,8. 3,2. 3,6. 3,9. பதிவு அதோடு முடிந்தது. நான்கைத் தொடும் முன்பே ஆறு அளவுகோலைப் பிடுங்கிக்கொண்டு போயிருந்தது.

சைரன் அடிக்கவில்லை.

வந்த எண்ணை ஏழாம் பதிப்பு கமா போட்டு எழுதியது. எழுதியதைத் திரும்ப வாசிக்கும்போது கமாவோடு நின்றுவிட்டது. அதைப் பொறுத்தவரை ஆறு மூன்றிலேயே இருந்தது. எட்டாம் பதிப்பில் இதைத் திருத்திவிட்டார்கள். சைரன் திறப்பு விழாவில் அதை அமைத்த பொறியாளர் 5 என்று தட்டிக் காட்டினார். முழு எண். அலறியது. கை தட்டினார்கள். நெய்லாவும் தட்டினாள்.

வாசலுக்குப் போனாள். "அடிக்கல," என்றாள்.

சீட்டி நின்றது. "இப்பத்தான அடிச்சுது?"

"அது வேற. அன்னிக்கு இருந்த மாதிரியே வெச்சா அடிக்கல. சுவிட்ச் போட்டிருந்தாலும் அடிச்சிருக்காது."

"அப்ப யாரு?"

"யாருமில்ல. ஒரு கமா."

"கமாவ எங்க போய் மிதிக்கறது நெய்லா?" என்றான். ஸ்பேனரைக் கீழே வைத்தான். "நீ ஏன் தோண்டின? அடிச்சுதுல்ல. அதோட விட வேண்டியதுதான?"

அவள் உள்ளே திரும்பினாள். அவன் உள்ளே வரவில்லை.

அடுத்த ஞாயிறு, சிறையில் பெண் பார்வையாளர்களை உள்ளே விடும் நாள். வாசலில் அவள் முன்கையில் முத்திரை குத்தினார்கள். விஷயம் கேட்டு வில்மார் சொல்லி அனுப்பியிருந்தான்: ஒத்துக்கொள்ள மாட்டேன் என்று அர்னோபியோ தன் வாயால் சொல்ல வேண்டும். மற்றதை அவன் பார்த்துக்கொள்வான்.

அர்னோபியோ இளைத்திருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார். தொப்பி இல்லாத தலையைத் தொட்டுக்கொண்டார்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். மேசைமேல் விரலால் எழுதிக் காட்டினாள். மூன்று, கமா, ஒன்பது. ஒன்பதைக் கையால் மூடினாள். "பாத்தீங்களா? அதுக்கு இவ்வளவுதான் தெரிஞ்சுது. நீங்க ஒண்ணும் பண்ணல, அர்னோபியோ அய்யா."

அவர் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க நல்லவங்க டீச்சர். ஆனா நான் அணைச்சேன்."

"முதல்ல இல்லன்னீங்களே?"

"அப்ப ஞாபகம் வரல. இப்ப வருது. இரும்பு சுவிட்ச். கைக்குச் சில்லுன்னு இருந்துது. பிள்ளைங்க வெள்ள உடுப்புல போய்ட்டிருந்தாங்க. பாவம், இன்னிக்கு இவங்களப் பயமுறுத்த வேணாம்னு நெனச்சேன்."

"அது வேற ஞாயித்துக்கிழமையா இருக்கும்."

"இல்ல. உங்க பொண்ணும் போனா. கையாட்டினா."

லுஸ் தாரி அன்று பூசைக்குப் போகவில்லை. காய்ச்சல். அதனால்தான் வீட்டில் இருந்தாள்.

"அழாதீங்க டீச்சர்," என்றார் அவர். "நான்தான். யார்னு தெரிஞ்சுட்டா கொஞ்சம் தூக்கம் வரும்."

அவளும் ஒரு வருடமாக அதைத்தான் நம்பியிருந்தாள். காவலர் மணியைக் காட்டினார். நெய்லா முன்கையால் முகத்தைத் துடைத்தாள். முத்திரை மை கன்னத்தில் ஈஷியது. மறுபடி மேசைமேல் மூன்று என்று எழுதினாள்.