அறுநூறு குழிகள்

குழி வரைவது என்ன பெரிய வேலை! நாரின் நகரின் புதிய இடுகாட்டுக்கு நான்தான் வரைபடம் போட்டேன். கணினியில் ஒரே ஒரு செவ்வகம் வரைந்து, வரிசை இத்தனை, பத்தி இத்தனை, இடைவெளி இவ்வளவு என்று தட்டினேன். கண் இமைப்பதற்குள் திரை நிறைந்துவிட்டது.

"நானூறுதான் வருது, பைக்கே," என்றேன் மேலதிகாரி சாபரிடம். எங்கள் ஊரில் அண்ணனைப் பைக்கே என்போம்.

"கேட்டது அறுநூறு. இடைவெளியக் குறைடா, கெல்டி. செத்தவங்க என்ன, புரண்டா படுக்கப் போறாங்க?"

சிரித்துக்கொண்டே அரை மீட்டராகக் குறைத்தேன். அதற்குக் கிடைத்த பாராட்டையும் வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

இடுகாடு திறந்த வாரமே அப்பா போய்விட்டார். முதல் வரிசை, முதல் குழி. மகன் என்ற முறையில் நான் உள்ளே இறங்கினேன். குழியின் அடியில் பக்கவாட்டில் குடைந்த அறைக்குள் அப்பாவைக் கிடத்தி, முகத்தைத் தொழுகைத் திசையான கிப்லா பக்கம் திருப்பினேன். அப்போது அறைச் சுவரில் தொம் தொம் என்று சத்தம். பொலபொலவென்று மண் உதிர்ந்து, உடலைச் சுற்றியிருந்த கபன் துணிமேல் விழுந்தது.

எனக்கு உயிரே போய்விட்டது. எத்தனை சாவுக்கு மண்வெட்டி பிடித்தவன் நான்! குழியின் வாயை மட்டும் வரைந்தேனே, அடியில் அறை பக்கத்து இடத்துக்குள் நீளும் என்று தோன்றவில்லையே, பாவி!

மேலே ஏறினேன். இரண்டாவது குழியை அசில்பெக் என்பவனின் சொந்தக்காரர்கள் அவன் அம்மாவுக்காகத் தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

"நிறுத்துங்கய்யா! எங்கப்பா மேல மண்ணு விழுது!"

"அம்மா உடம்பு வழியில வந்துக்கிட்டிருக்கு," என்று அசில்பெக் கத்தினான். "பிளான்ல எங்க இடம் இதுதான். எந்த மடையன் போட்ட பிளானோ!"

நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூட்டத்தில் நின்ற சாபர் பைக்கே, வாயைத் திறக்காதே என்று கண்ணாலேயே மிரட்டினார். திறந்தால் வேலை போகும். அப்பா கீழே கிடந்தார்.

"அந்த மடையன் நான்தான்," என்றேன். "இங்க ஒண்ணு விட்டு ஒண்ணுதான் தோண்டணும். முந்நூறுக்கு மேல இடமில்ல."

அடிப்பான் என்றுதான் நினைத்தேன். அசில்பெக் ஒரு மண்வெட்டியைப் பிடுங்கி என் கையில் திணித்தான்.

"முதல்ல உங்கப்பாவ மூடு. அப்புறம் வந்து எங்கம்மாவுக்குத் தள்ளித் தோண்டிக் குடு."

அப்பாவுக்கு மண் போட்டுவிட்டு மூன்றாவது இடத்தில் வெட்டத் தொடங்கினேன். இடுப்பளவு ஆழம் போவதற்குள் உள்ளங்கை கொப்பளித்தது. அதற்குள் அவன் அம்மா வந்துவிட்டார். யாரும் அவசரப்படுத்தவில்லை. அசில்பெக்கும் உள்ளே இறங்கினான். அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது எனக்கு.

"உங்கம்மா பேரு என்ன?" என்று கேட்டேன்.

"உம்சுனை."

வரைபடத்தில் அந்த இடத்துக்கு எண் மட்டும்தான் போட்டிருந்தேன்.